வழக்கமான செக்கப்புக்குப் போன அன்றே சிசேரியன்: அது தேவைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நீங்கள் எழுதியதை இப்படிப் புரிந்துகொள்கிறேன். 38 வாரம் 4 நாள். வலி இல்லை, ரத்த அழுத்தம் சரி, வழக்கமான செக்கப். ஸ்கேனில் தண்ணீர் 4.8 என்றார்கள். மானிட்டர் போட்டார்கள், குழந்தையின் துடிப்பு இறங்குகிறது என்றார்கள். பன்னிரண்டு மணிக்குக் கையெழுத்து, மூன்று மணிக்குக் குழந்தை. எடை 2.6 கிலோ, பிறந்ததும் நன்றாக அழுதது. "ஒரு குறையும் இல்லாத குழந்தைக்கு எதற்கு ஆபரேஷன்? இரண்டு நாள் பொறுத்திருந்தால் வலி வந்திருக்காதா? அவ்வளவு அவசரம் என்றால் ஏன் மூன்று மணி நேரம் படுக்க வைத்திருந்தார்கள்?" என்று கேட்கிறீர்கள். கேள்வி மூன்றாக இருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: என்னை ஏமாற்றிவிட்டார்களா? மானிட்டர் தாளைப் பார்க்காமல் உங்கள் விஷயத்தில் ஆம், இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்பவரை நம்பவும் வேண்டாம். ஆனால் அந்தத் தாளில் என்ன இருந்திருந்தால் முடிவு நியாயம், என்ன இருந்திருந்தால் கேள்வி கேட்க வேண்டும் என்பதைச் சொல்லலாம். மகப்பேறு மருத்துவத்தில் பல வருடங்களாக இருக்கிறேன். அந்த அளவில் விளக்குகிறேன்.

முதலில் தண்ணீர். கர்ப்பத்தின் பின்பாதியில் பனிக்குட நீரின் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். நஞ்சுக்கொடி வழியாக வரும் ரத்தமும் ஆக்சிஜனும் குறைய ஆரம்பித்தால், குழந்தையின் உடல் இருக்கும் ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பி விடும். சிறுநீரகத்துக்குப் போவது குறையும், சிறுநீர் குறையும், நாள் போகப் போகத் தண்ணீரும் குறையும். அதனால்தான் கடைசி வாரங்களில் தண்ணீரை அளக்கிறோம். தண்ணீருக்காக மட்டும் அளப்பதில்லை, நஞ்சுக்கொடி எப்படி இருக்கிறது என்பதற்கு அது ஒரு துப்பு. பிரச்சினை என்னவென்றால், தண்ணீர் குறைய வேறு காரணங்களும் உண்டு. பனிக்குடம் லேசாகக் கசிந்துகொண்டிருக்கலாம். அந்த ஈரத்தைப் பலர் வெள்ளைப்படுதல் என்று விட்டுவிடுவார்கள். தாய் சரியாகத் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கலாம். நன்றாகக் குடித்த பிறகு அளவு கொஞ்சம் ஏறுவதும் உண்டு. அளந்தவர் கையில் வந்த வித்தியாசமாகவும் இருக்கலாம்.

உங்களுக்குச் சொன்ன 4.8 என்பது வயிற்றை நான்கு பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஆழமான தண்ணீர்ப் பையைச் செங்குத்தாக அளந்து கூட்டிய எண், சென்டிமீட்டரில். 5-க்குக் கீழே போனால் குறைவு என்பார்கள். இன்னொரு முறையில், இருப்பதிலேயே ஆழமான ஒரே ஒரு பையை அளப்பார்கள். அதில் 2 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால்தான் குறைவு. இந்த இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் ஒரு விஷயம் தெளிவாகவே தெரிந்தது: நான்கையும் கூட்டும் முறையில் அதிகமான பெண்களுக்கு "தண்ணீர் குறைவு" என்று முத்திரை விழுகிறது, அதனால் வலிக்கு மருந்து வைப்பதும் (அதாவது பிரசவ வலியை வரவழைக்க மருந்து கொடுப்பதும்) சிசேரியனும் கூடுகின்றன, ஆனால் குழந்தைகளுக்கு அதனால் கூடுதல் நன்மை எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே 4.8 என்ற எண் மட்டுமே காரணம் என்றால், அதற்காக நேரே ஆபரேஷன் தியேட்டருக்குப் போவது எனக்கு ஒப்பாது. ஆழமான பை எவ்வளவு, குழந்தை வாரத்துக்கேற்ற எடையில் இருக்கிறதா, தொப்புள்கொடி ரத்த ஓட்டத்தின் டாப்ளர் (ரத்த ஓட்டத்தை அளக்கும் ஸ்கேன்) எப்படி, கசிவு உண்டா என்று நான்கையும் பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் மறுபடி அளக்கலாம், அல்லது 38 வாரம் தாண்டியிருப்பதால் வலிக்கு மருந்து வைப்பதைப் பற்றிப் பேசலாம். சிசேரியன் அந்த வரிசையில் முதலில் வருவதில்லை.

ஆனால் உங்கள் விஷயத்தில் தண்ணீரோடு கதை முடியவில்லை, மானிட்டரும் வந்தது. முடிவு அங்கேதான் திரும்பியிருக்கிறது, அதனால் அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். வயிற்றில் இரண்டு பெல்ட் கட்டியிருப்பார்கள். ஒன்று குழந்தையின் இதயத் துடிப்பைப் பிடிக்கும், மற்றது கர்ப்பப்பை இறுகுவதைப் பிடிக்கும். தாளில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. மேல் கோட்டில் முதலில் பார்ப்பது அடிப்படைத் துடிப்பு. நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இயல்பு. அடுத்து அந்தக் கோட்டின் நடுக்கம். கோடு நேராக ஓடக் கூடாது. 5 முதல் 25 துடிப்பு வரை மேலும் கீழும் ரம்பம் போல ஆடிக்கொண்டிருக்க வேண்டும். மூளையும் நரம்புகளும் விழிப்போடு இருப்பதன் அடையாளம் அது. மூன்றாவது, குழந்தை அசையும்போது துடிப்பு குறைந்தது 15 கூடி, குறைந்தது 15 விநாடி நிற்க வேண்டும். 20 நிமிடத்தில் இப்படி இரண்டு முறை எழும்பினால் குழந்தை நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிடலாம். எழும்பவில்லை என்றால் உடனே பயப்பட வேண்டியதில்லை, குழந்தை தூங்கிக்கொண்டிருக்கலாம். தாயை இடது பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லி, 40 நிமிடம் வரையாவது ஓட விட்டுப் பார்க்க வேண்டும். பத்து நிமிடத் தாளை வைத்துக்கொண்டு "அசைவு இல்லை, ஆபரேஷன்" என்று யாராவது சொல்லியிருந்தால் அது கேள்வி கேட்க வேண்டிய இடம்.

கடைசியாகத் துடிப்பின் சரிவுகள். எல்லாச் சரிவும் ஒன்றல்ல. தண்ணீர் குறைவாக இருக்கும்போது தொப்புள்கொடி நசுங்கும். அப்போது துடிப்பு சடாரென்று விழுந்து சடாரென்று எழும், தாளில் கூரான 'வி' போலத் தெரியும். எப்போதாவது ஒன்று வந்து, நடுவில் கோடு நன்றாக ஆடிக்கொண்டிருந்தால் கண்காணித்தாலே போதும். இன்னொரு வகை, கர்ப்பப்பை இறுகி உச்சத்துக்குப் போன பிறகு மெல்ல இறங்கி, இறுக்கம் விட்ட பின்னும் உடனே ஏறாமல் தாமதமாக ஏறுவது. இது நஞ்சுக்கொடியின் கையிருப்பு, அதாவது சிரமத்தைத் தாங்கிக் குழந்தைக்கு ஆக்சிஜன் கொடுக்கும் திறன், தீர்ந்துவருகிறது என்ற சந்தேகத்தைத் தரும். ஒன்றிரண்டு வந்து நின்றால் ஒரு விஷயம்; பாதிக்கு மேற்பட்ட இறுக்கங்களுக்கு வந்துகொண்டே இருந்து, கூடவே கோட்டின் நடுக்கமும் மறைந்து தட்டையாகப் போனால் அது முற்றிலும் வேறு விஷயம். அந்தத் தாளைப் பார்த்த பிறகு இரண்டு நாள் பொறுப்போம் என்று பொறுப்புள்ள மருத்துவர் எவரும் சொல்ல மாட்டார். இடையில் ஒரு சின்ன எச்சரிக்கை: சில இடங்களில் தாள் நிமிடத்துக்கு 1 சென்டிமீட்டரும் சில இடங்களில் 3 சென்டிமீட்டரும் ஓடும். ஒரே சரிவு முதலாவதில் கூராகவும் இரண்டாவதில் அகலமாகவும் தெரியும். இணையத்தில் கிடைக்கும் படத்தோடு உங்கள் தாளை ஒப்பிட்டு நீங்களே தீர்ப்பு எழுத வேண்டாம்.

இனி "ஒரு குறையும் இல்லாத குழந்தை" என்ற வாதம். இதில் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று உண்டு. மானிட்டர், குழந்தை நன்றாக இருக்கிறது என்று சொல்வதில் கெட்டிக்காரக் கருவி. தாள் நன்றாக இருந்து, தாயின் நிலையும் மாறாமல் இருந்தால், அடுத்த ஒரு வாரத்துக்குள் குழந்தை வயிற்றிலேயே இறப்பது ஆயிரத்தில் சுமார் 2 என்ற அளவுக்கு அபூர்வம். ஆனால் குழந்தை நன்றாக இல்லை என்று சொல்வதில் அது மோசமான கருவி. தாள் சரியில்லை என்று எடுக்கப்படும் குழந்தைகளில் பெரும்பாலானவை நன்றாகவே அழுதுகொண்டு பிறக்கின்றன. இதில் இரண்டு வகைக் குழந்தைகள் கலந்திருக்கும்: தாள் பொய்யாக மிரட்டியவை ஒரு வகை, உண்மையாகவே சிரமம் தொடங்கி, அது முற்றுவதற்குள் வெளியே வந்துவிட்டவை இன்னொரு வகை. பிறந்த குழந்தையைப் பார்த்து எது எது என்று பிரிக்க முடிவதில்லை. ஆகவே உங்கள் குழந்தை நன்றாகப் பிறந்தது ஆபரேஷன் தேவையில்லை என்பதற்குச் சாட்சி அல்ல. மருத்துவர் செய்தது சரி என்பதற்கும் சாட்சி அல்ல. "பார்த்தீர்களா, காப்பாற்றிவிட்டோம்" என்று யாராவது சொல்லியிருந்தால் அதுவும் இதே தவறுதான்.

எடை ஒரு சிறு துப்பு தருகிறது. 38 வாரத்தில் 2.6 கிலோ என்பது சராசரியை விடக் குறைவு. தண்ணீரும் குறைவு, எடையும் குறைவு, துடிப்பும் சரிகிறது என்று மூன்றும் ஒரே பக்கம் காட்டினால் நஞ்சுக்கொடி களைத்துப்போயிருந்தது என்ற ஊகத்துக்குப் பலம் கூடும். ஊகம்தான், நிரூபணம் அல்ல. இயல்பாகவே சிறிய உடல்வாகுள்ள குழந்தையும் இதே எடையில் பிறக்கும்.

சரி, துடிப்பு இறங்கினால் வலிக்கு மருந்து வைத்துப் பார்த்திருக்கலாமே, ஏன் நேரே கத்தி? பிரசவ வலியின் ஒவ்வொரு இறுக்கத்திலும் கர்ப்பப்பையின் ரத்தக் குழாய்கள் அழுந்தி, நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் முக்கால் நிமிடம், ஒரு நிமிடம் குறைந்து மீண்டும் வரும். கையிருப்புள்ள குழந்தைக்கு இது பெரிய விஷயமல்ல. வலியே தொடங்காத நிலையில், தாய்க்கே தெரியாத லேசான இறுக்கத்துக்கே துடிப்பு இறங்குகிற குழந்தை, பத்து நிமிடத்துக்கு நாலு வலி என்று பல மணி நேரத்தைத் தாங்குமா என்பதுதான் கேள்வி. இங்கே கர்ப்பப்பை வாயின் நிலை மிக முக்கியம். முதல் பிரசவம், வாய் மூடிக் கெட்டியாக, நீளமாக இருக்கிறது என்றால், மருந்து வைத்து வாயை மிருதுவாக்கி, குளுக்கோஸில் ஊசி போட்டு வலி வரவழைத்துப் பிரசவமாக ஒரு முழு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். அதே தாள், ஆனால் வாய் எட்டு சென்டிமீட்டர் திறந்திருக்கிறது, தலை நன்றாக இறங்கியிருக்கிறது என்றால் முடிவே வேறு. எனவே அன்று உள்பரிசோதனை செய்தார்களா, என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். முடிவுக்கு முன் இடது பக்கம் படுக்கவைத்து, ரத்த அழுத்தம் பார்த்து, தேவைப்பட்டால் குளுக்கோஸ் ஏற்றி, தாள் தேறுகிறதா என்று பார்த்தார்களா என்பதும் பதிவில் இருக்க வேண்டும். முகத்தில் ஆக்சிஜன் வைக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். தாயின் ஆக்சிஜன் அளவு சரியாக இருக்கும்போது அதனால் குழந்தைக்குப் பலன் இருப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை.

மூன்று மணி நேரக் கணக்கு பலரைக் குழப்பும் ஒன்று. அவசரம் என்றால் ஒரே அவசரம் என்று நினைக்கிறோம். சிசேரியனை நான்கு படிகளாகப் பிரிப்பது வழக்கம். முதல் படி, தாய்க்கோ குழந்தைக்கோ உயிருக்கு உடனடி ஆபத்து. தொப்புள்கொடி வெளியே வந்துவிட்டது, துடிப்பு 80-க்கு விழுந்து ஏறவே இல்லை போன்றவை. அதில் முடிவெடுத்து 30 நிமிடத்துக்குள் குழந்தையை எடுக்கப் பார்ப்பார்கள். இரண்டாவது, சிரமம் தெரிகிறது ஆனால் உடனடி உயிராபத்து இல்லை. சுமார் 75 நிமிடம். மூன்றாவது, இப்போது சிரமம் இல்லை, ஆனால் நாள் தள்ளக் கூடாது. நான்காவது, தேதி குறித்துச் செய்வது. உங்களுடையது பெரும்பாலும் மூன்றாவதில், அல்லது இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் வரும். அன்றே வேண்டும், அந்த நிமிடமே வேண்டியதில்லை. அந்த இடைவெளியில் ரத்தம் பொருத்திப் பார்ப்பார்கள், மயக்க மருந்து நிபுணர் வந்து பேசுவார். நீங்கள் காலையில் சாப்பிட்டிருந்தால் வயிறு காலியாகவும் காத்திருப்பார்கள். திட உணவுக்கு 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் என்பது கணக்கு. முதல் படியில் இதற்கெல்லாம் நேரமில்லை, ஆபத்தை ஏற்றுக்கொண்டு உள்ளே போவார்கள். ஆக, மூன்று மணி நேரம் காத்திருந்தது பொய்க்கான அத்தாட்சி அல்ல. ஆனால் காத்திருந்த நேரம் முழுக்க மானிட்டர் ஓடியிருக்க வேண்டும். துடிப்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் பெல்ட்டைக் கழற்றி மூன்று மணி நேரம் வார்டில் படுக்கவைத்திருந்தால், சொன்ன காரணத்தை அவர்களே நம்பினார்களா என்று கேட்கலாம்.

தியேட்டரில் யாரும் எதையும் விளக்கவில்லை, உடம்பெல்லாம் நடுங்கியது, வயிற்றைப் பிடித்து இழுத்தது தெரிந்தது, அதனால் மருந்து சரியாக வேலை செய்யவில்லையோ என்றும் கேட்டிருந்தீர்கள். விளக்காதது தவறு, மற்றவை இயல்பு. வழக்கமாக நடப்பது இதுதான். வயிற்றின் அமிலத்தைக் குறைக்க மருந்து தருவார்கள், கிழிப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் கிருமிக்கான ஊசி, பெரும்பாலும் செஃபசோலின் 2 கிராம், சிறுநீர்க் குழாய். பிறகு கீழ் முதுகில் ஊசி: உடலின் கீழ்ப்பகுதியை மரத்துப்போக வைக்கும் பியூபிவகைன் 0.5 சதவீத மருந்து ஏறக்குறைய 2 மில்லி, அவ்வளவுதான். கால் கனத்துப்போகும். குளிர்ந்த பொருளை வைத்துப் பார்த்து, மார்பு வரை குளிர்ச்சி தெரியவில்லை என்று உறுதிசெய்த பிறகே தொடங்குவார்கள். வலியும் குளிர்ச்சியும் போகும். அழுத்தமும் இழுப்பும் போகாது. ஊசியால் ரத்தக் குழாய்கள் விரிந்து உடல் சூடு இறங்குவதால் நடுக்கம் மிக சகஜம். ரத்த அழுத்தம் இறங்கினால் குமட்டும். அதற்காகத்தான் மேசையை இடது பக்கம் சற்றுச் சாய்த்து, மருந்தும் கொடுப்பார்கள். குழந்தை பெரும்பாலும் முதல் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும். மீதி அரை மணி, முக்கால் மணி தையலுக்கு. அந்த ஊசியால் காலம் முழுக்க முதுகுவலி வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் முதல் சில நாட்களில், உட்கார்ந்தால் மண்டையைப் பிளந்து, படுத்தால் விடும் தலைவலி வந்தால் அது ஊசியால் வருவது. பொறுத்துக்கொள்ள வேண்டாம், சிகிச்சை உண்டு.

எதைக் காரணமாகச் சொன்னால் நான் புருவம் உயர்த்துவேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறது என்பது ஒன்று. பிரசவங்களில் நாலில் ஒன்றிலோ ஐந்தில் ஒன்றிலோ அப்படித்தான் இருக்கும். துடிப்பு சரியாக இருந்தால் அது காரணமே அல்ல. குழந்தை பெரிசு என்பது இன்னொன்று. ஸ்கேன் எடை 10, 15 சதவீதம் இப்படியும் அப்படியும் தவறும். சர்க்கரை நோய் இல்லாத தாய்க்கு ஐந்து கிலோ அளவில் மதிப்பீடு வந்தால்தான் அதை மட்டுமே காரணமாக வைத்துச் சிசேரியன் பேசுவது வழக்கம். தேதி தாண்டிவிட்டது என்று 40 வாரம் 1 நாளில் சொல்வதும் அப்படியே. குழந்தை உள்ளேயே மலம் கழித்துவிட்டது என்பது கண்காணிப்பைக் கூட்ட வேண்டிய விஷயம். துடிப்பு நன்றாக இருந்தால் அது மட்டுமே கத்திக்குக் காரணம் ஆகாது.

"இரண்டு நாள் பொறுத்திருந்தால்" என்பதற்கு நேர்மையான பதில் இது. தாள் நன்றாக இருந்து தண்ணீர் மட்டும் எல்லையில் இருந்தது என்றால், அடிக்கடி பரிசோதித்துக்கொண்டு பொறுத்திருக்கலாம், அல்லது வலிக்கு மருந்து வைத்திருக்கலாம். 39 வாரத்துக்கு முன் வலி வராமல் எடுக்கும் குழந்தைகளுக்குச் சில மணி நேரம் முதல் ஓரிரு நாள் வரை மூச்சு வேகமாக வாங்கும் தொந்தரவு சற்று அதிகம் என்பதால் பொறுப்பதற்கும் லாபம் உண்டு. தாள் மோசம் என்றால் பொறுப்பது சூதாட்டம். நஞ்சுக்கொடி கைவிடுவது வலியோடு அறிவித்துவிட்டு வருவதில்லை. பல சமயம் அசைவு குறைவது ஒன்றுதான் அறிகுறி. கடைசி வாரங்களில் இடம் இல்லாததால் அசைவு குறையும் என்பது தவறான நம்பிக்கை. அசைவின் தன்மை மாறலாம், எண்ணிக்கை குறையக் கூடாது. குறைந்தால் அன்றே, இரவானாலும், போக வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது, பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்குவது. மானிட்டர் தாள், நேரம் தெரியும்படி. வெப்பத்தாளில் அச்சாகியிருந்தால் நாளாக ஆக மங்கிவிடும், உடனே நகல் எடுங்கள். ஸ்கேன் அறிக்கையில் ஆழமான பையின் அளவும் டாப்ளரும். உள்பரிசோதனைக் குறிப்பு. முடிவெடுத்த நேரம், கிழித்த நேரம், குழந்தை வந்த நேரம். தண்ணீர் எப்படி இருந்தது, தொப்புள்கொடி எங்கே இருந்தது என்று ஆபரேஷன் குறிப்பில் இருக்கும். குழந்தைக்கு 1 நிமிடத்திலும் 5 நிமிடத்திலும் போட்ட ஆப்கார் மதிப்பெண் (துடிப்பு, மூச்சு, நிறம் போன்றவற்றைப் பார்த்துப் பத்துக்குப் போடுவது). தொப்புள்கொடி ரத்தத்தின் அமிலத்தன்மையைப் பார்த்திருந்தால் அதுவே மிகப் பயனுள்ள ஒற்றைத் தகவல்: பி.எச். (இந்த எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 7.0-க்குக் கீழே என்றால் குழந்தை உண்மையாகவே திணறியிருக்கிறது. 7.2-க்கு மேல் என்றால் எடுத்த நேரத்தில் திணறவில்லை. ஆனால் இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அது சொல்லாது. பல இடங்களில் இதை எடுப்பதே இல்லை. எடுக்காதது ஏமாற்றியதன் அடையாளம் அல்ல. இந்தக் காகிதங்களோடு, உங்கள் ஆபரேஷனில் சம்பந்தப்படாத இன்னொரு மகப்பேறு மருத்துவரிடம் அரை மணி நேரம் பேசுங்கள். முதலில் செய்தவரிடமே கேட்பதிலும் தவறில்லை. நல்ல மருத்துவர் தாளை விரித்துவைத்துக் காட்டுவார்.

அடுத்த பிரசவம் பற்றி: துடிப்புக் கோளாறு போன்ற, மறுபடி வந்தே தீர வேண்டும் என்றில்லாத காரணத்துக்காக முதல் சிசேரியன் ஆகியிருந்தால், அடுத்தது சுகப்பிரசவம் ஆக நல்ல வாய்ப்பு உண்டு. முயன்று பார்ப்பவர்களில் நூற்றுக்கு 60 முதல் 80 பேர் வரை வெற்றி பெறுகிறார்கள். பழைய தையல் விடும் ஆபத்து சுமார் 200-ல் ஒன்று. அதனால் உடனே ஆபரேஷன் செய்யும் வசதி உள்ள இடத்தில்தான் முயல வேண்டும். இரண்டு பிரசவங்களுக்கும் நடுவில் ஒன்றரை வருடத்துக்குக் குறையாத இடைவெளி நல்லது. ஆனால் இந்தக் கணக்கெல்லாம் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கிழித்திருந்தால்தான். மேலே நெடுக்காகக் கிழித்திருந்தால் அடுத்த முறை வலிக்கே விடக் கூடாது. வயிற்றுத் தோலில் தழும்பு குறுக்காக இருப்பதைப் பார்த்து உள்ளேயும் அப்படித்தான் என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு திசையில் இருக்கலாம். ஆபரேஷன் குறிப்பில் கர்ப்பப்பையை எப்படிக் கிழித்தார்கள் என்று ஒரு வரி இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் அது விடுபட்டிருந்தால் எழுதித் தரச் சொல்லி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.